கடைசி இரவின் வேகம்

அன்புள்ள ஐயா,

எனக்கு 39 வயது. கட்டமைப்புப் பொறியாளர். படிக்கும் காலத்தில் எப்போதும் முதல் மதிப்பெண். வேலையிலும் யாராலும் அவிழ்க்க முடியாத சிக்கல் என்றால் என்னிடம்தான் வரும். சென்ற ஆண்டு ஒரு பிரிவுக்குத் தலைவியாக்கினார்கள். அதிலிருந்து எல்லாம் குலைந்துவிட்டது. மற்றவர்கள் வரைந்து தரும் வரைபடங்களைச் சரிபார்த்துத் திருப்பித் தர வாரக்கணக்கில் ஆகிறது. இரண்டு வரி மின்னஞ்சலுக்குப் பதில் எழுத முடியவில்லை. கடைசி இரவில் விடியும்வரை உட்கார்ந்து முடிக்கிறேன். அடுத்த இரண்டு நாள் எழுந்திருக்க முடிவதில்லை. மனநல மருத்துவர் ஏ.டி.எச்.டி., அதாவது கவனக்குறைபாட்டுக் கோளாறு, என்கிறார். இவ்வளவு சாதித்தவளுக்கு அது எப்படி இருக்க முடியும்? என் சோம்பலுக்கு ஒரு கௌரவமான பெயர் தேடிக்கொள்கிறேனோ என்று கூச்சமாக இருக்கிறது.

ர.

அன்புள்ள ர.,

சோம்பேறி எவரும் விடியும்வரை உட்கார்ந்து வேலையை முடிப்பதில்லை. அந்தச் சொல்லை முதலில் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

கவனக்குறைபாடு என்ற பெயரே பலரைத் திசைதிருப்பிவிடுகிறது. கவனம் உங்களிடம் நிறையவே இருக்கிறது. அதை வேண்டிய பக்கம் திருப்பும் கடிவாளம்தான் கைக்கு அடங்குவதில்லை. மனம் ஒன்றிப்போகும் சிக்கல் கிடைத்தால் பசி தெரியாமல் ஆறு மணி நேரம் போகிறது. ஒன்றாத வேலை, இரண்டு வரியானாலும், ஆறு நாள் கிடக்கிறது. பார்ப்பவர்கள் “மனம் வைத்தால் செய்கிறாளே” என்பார்கள். இந்தக் கோளாறு உள்ளவர்களை இதைவிடக் காயப்படுத்தும் வாக்கியம் இல்லை.

மருத்துவ உலகமே இதை நெடுங்காலம் குழந்தைகளின் பிரச்சினையாக, வளர்ந்தால் போய்விடும் ஒன்றாகத்தான் பார்த்தது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 2013-இல்தான், 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு ஆறுக்குப் பதில் ஐந்து அறிகுறிகள் இருந்தாலே போதும் என்று மாற்றியது. அவற்றில் சில 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும் என்கிறது அது. உங்கள் மருத்துவர் பள்ளி நாட்களைத் துருவிக் கேட்டிருந்தால் காரணம் இதுதான். ஓடியாடி வகுப்பைக் கலைக்கும் பையனை ஆசிரியர்கள் கவனித்தார்கள். ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்து தேர்வில் முதல் மதிப்பெண் வாங்கிய பெண்ணை யார் சந்தேகப்படுவார்கள்? உங்கள் சாதனைகளே இதை மறைத்து வைத்திருந்தன.

ஏன் இப்போது வெடிக்கிறது என்பதற்கான விடை பதவி உயர்வில் இருக்கிறது. இதுவரை உங்கள் வேலைகள் வேலியோடு வந்தன. தேர்வு என்றால் தேதி உண்டு. கான்கிரீட் ஊற்றும் நாள் குறித்துவிட்டால் அதற்குள் கணக்கு முடிந்தாக வேண்டும். அந்த அவசரம்தான் உங்களை ஓட்டியது. தலைவியானதும் வேலிகள் போய்விட்டன. இனி மற்றவர்களுக்கும் நீங்களே வேலி போட வேண்டும் என்கிறார்கள். பயத்தைத் தவிர வேறு எரிபொருள் பழகாதவர் என்ன செய்வார்? வேலை பயமாக மாறும்வரை, அதாவது கடைசி இரவுவரை, காத்திருப்பார்.

என் தம்பி மருத்துவர். அவனுக்கும் இது உண்டு. அவசர சிகிச்சைப் பிரிவில் அவனுடைய நிதானத்தைப் பார்த்து வியக்காதவர்கள் இல்லை. ஆனால் நோயாளிகளுக்கு எழுதித் தரவேண்டிய டிஸ்சார்ஜ் குறிப்புகள் மேசையில் மலையாகக் கிடக்கும். இனி ஒழுங்காக இருப்பேன் என்று பல ஆண்டுகள் சபதம் எடுத்துக்கொண்டிருந்தான். சபதத்தை விட்டபிறகுதான் வழி பிறந்தது. மாலை நான்கு மணிக்கு ஒரு செவிலியர் தன் பதிவேடுகளோடு எதிரே வந்து உட்காருவார். அவர் தன் வேலையைச் செய்வார், இவன் குறிப்புகளை எழுதுவான். இடையில் பேச்சே இல்லை. பக்கத்தில் ஓர் ஆள் இருப்பது இவர்களுக்கு எவ்வளவு உதவும் என்பதை நான் கண்ணால் கண்டேன்.

நீங்களும் வேலியை வெளியே கட்டிக்கொள்ளுங்கள். “வெள்ளிக்குள் பார்த்துவிடுகிறேன்” என்று இனி எவரிடமும் சொல்லாதீர்கள். வரைந்தவரையே செவ்வாய் பதினொரு மணிக்கு வரச்சொல்லி, இருவரும் உட்கார்ந்து அங்கேயே சரிபார்த்து முடியுங்கள். “இது நடந்ததும் இதைச் செய்வேன்” என்று நேரத்தோடும் இடத்தோடும் முடிச்சுப் போட்ட தீர்மானம் வெறும் தீர்மானத்தைவிட நிற்கும் என்று உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990-களிலேயே எழுதியிருக்கிறார். கூட்டத்தில் உற்சாகம் பொங்கும்போது புதிய பொறுப்பை ஏற்காதீர்கள். நாளைக் காலையில் சொல்கிறேன் என்று ஒரு இரவைக் கேட்டு வாங்குங்கள். உங்களைப் போன்றவர்கள் மூழ்குவது பெரும்பாலும் அந்த உற்சாகமான ‘சரி’களில்தான்.

மருந்து பற்றி மருத்துவரிடம் மனம் விட்டுப் பேசுங்கள். மெத்தில்ஃபெனிடேட் போன்றவை நீண்டகாலமாகப் பயன்பாட்டில் இருப்பவை. எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது; ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, தூக்கம் ஆகியவற்றைக் கவனித்தபடிதான் தருவார்கள். எண்ணங்களையும் பழக்கங்களையும் பேச்சின் வழியே மாற்றப் பழக்கும், பெரியவர்களுக்கான அறிவுசார் நடத்தை சிகிச்சையும் உண்டு.

இது ஒரு வரம், அபூர்வ சக்தி என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. உங்கள் கூர்மை உங்களுடையது. இந்தக் கோளாறு அதற்கு விதித்த வரியைத்தான் இத்தனை ஆண்டுகள் தூக்கமிழந்து கட்டியிருக்கிறீர்கள். கூச்சம் என்றீர்கள். 2016-இல் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸின் மருத்துவப் பதிவுகளை இணையத் திருடர்கள் திருடி வெளியிட்டபோது, தனக்குச் சிறுவயதிலிருந்தே ஏ.டி.எச்.டி. இருக்கிறது, மருந்து எடுத்துக்கொள்கிறேன், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று அவர் நேராகச் சொன்னார். நீங்கள் அலுவலகத்தில் நோயின் பெயரைச் சொல்லியே ஆகவேண்டும் என்பதில்லை. “சொல்வதை எழுத்தில் தாருங்கள், காலை இரண்டு மணி நேரம் என்னை யாரும் அழைக்க வேண்டாம்” என்று தேவையை மட்டும் கேட்கலாம்.

உங்கள் மேசையில் அதிக நாளாகக் கிடக்கும் வரைபடம் யாருடையது? அவரை அழைத்து இன்றே ஒரு நேரம் குறியுங்கள். தாமதத்துக்கு நீண்ட மன்னிப்பு எதுவும் வேண்டாம். ஒரு மாதம் கழித்து எனக்கு எழுதுங்கள், எத்தனை இரவுகள் தூங்கினீர்கள் என்று.