டேங்கைக் கழற்றும் முன், தம்பி

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான். இங்கிலாந்தின் கவென்ட்ரிக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. போன கோடையில் பெரிய வண்டிக்கான லைசென்ஸ் வாங்கி, 1998ஆம் வருட சுஸுகி பேண்டிட் 600 ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறீர்கள். குளிர் தொடங்கியதிலிருந்து காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது, ஓடும்போது மிஸ்ஸிங் அடிக்கிறது. எஞ்சினுக்குள் பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்கை மாற்ற கடையில் 110 பவுண்டு கேட்கிறார்கள். ஊரில் டீ குடித்து முடிப்பதற்குள் முடிகிற வேலைக்கு இவ்வளவா? நானே செய்யலாமா, அண்ணா? அக்கம்பக்கத்தில் யாராவது ஏதாவது சொல்வார்களா?

செய்யலாம். நான் 2006இல் வந்தவன். என் வண்டிக்கு இதுவரை ஏழெட்டு தடவை நானே மாற்றியிருக்கிறேன். முதல் தடவை மட்டும் வீட்டையே கொளுத்தியிருப்பேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

கடைக்காரரைத் திட்டாதீர்கள். நான்கு பிளக்கும் சேர்த்து 25 பவுண்டு பக்கம்தான் வரும். மீதி அவருடைய நேரத்துக்கான கூலி. ஊரில் புல்லட்டோ ஸ்ப்ளெண்டரோ ஓட்டியிருப்பீர்கள். அதில் பிளக் கண்ணெதிரே நீட்டிக்கொண்டிருக்கும். பல்சருக்கு இரண்டு பிளக் என்றாலும் சாலையோரக் கடையில் பிளக் ஸ்பேனரை எடுத்து ஒரு திருகு, உப்புத்தாளில் ஒரு தேய்ப்பு, அவ்வளவுதான். பேண்டிட்டில் நான்கு சிலிண்டர், நான்கு பிளக், எல்லாம் பெட்ரோல் டேங்குக்கு அடியில். நடுவில் இருக்கும் இரண்டுக்கும் டேங்க் இருக்கும்போது கை போகவே போகாது. அதனால் பிளக் மாற்றுவது என்பது கடைசிப் பத்து நிமிடம்தான். மற்றதெல்லாம் டேங்க் வேலை.

நம் ஆட்களுக்கு இங்கே வந்ததும் ஒரு கூச்சம் இருக்கும். படித்த பையன் கையில் கிரீஸோடு வாசலில் உட்கார்ந்திருந்தால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று. இங்கே யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை என் தெருவில் ஒரு வக்கீல் காருக்கு அடியில் படுத்துக் கிடப்பார். 2005இல் வந்த ஒரு சட்டம் தெருவில் வைத்துத் தொழிலாக வண்டி பழுதுபார்ப்பதைத் தடுக்கிறது. சொந்த வண்டியைச் சொந்தக் கையால் பார்ப்பதற்கு, அடுத்தவருக்குத் தொந்தரவு இல்லாதவரை, அது குறுக்கே வராது. ஆனால் வாடகை ஒப்பந்தத்தை ஒரு தடவை படித்துவிடுங்கள். பார்க்கிங்கில் வண்டி வேலை கூடாது என்று சில வீட்டுக்காரர்கள் எழுதியிருப்பார்கள்.

சரி, ஸ்பேனரை எடுக்கும் முன் பழி பிளக் மேல்தானா என்று பாருங்கள். பேட்டரியில் மீட்டர் வைத்தால் 12.6 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும். குளிரில் பாதிப் பேருக்குப் பிரச்சினை அங்கேதான் இருக்கும். அப்புறம் உங்கள் ஓட்டும் பழக்கம். வீட்டிலிருந்து வேலைக்கு இரண்டு மைல் என்று எழுதியிருக்கிறீர்கள். சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடாவதற்குள் போய்ச் சேர்ந்து அணைத்துவிடுகிறீர்கள். சோக் போட்டால் பெட்ரோல் அதிகமாக இறங்கும், பிளக் சூடேறித் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள நேரம் இருக்காது, கரி படியும். நம் ஊர் வெயிலில் சோக்கைத் தொட்டே பழகாதவர்களுக்கு இது தெரியாது, எனக்கும் தெரியவில்லை. புது பிளக் போட்டாலும் இதே பழக்கம் இருந்தால் அடுத்த குளிருக்குத் திரும்ப வரும். வாரத்துக்கு ஒரு நாளாவது அரை மணி நேரம் நன்றாக ஓட்டுங்கள்.

இப்போது என் கதை. 2007 நவம்பர், அப்போது நானும் கவென்ட்ரியில்தான் இருந்தேன். நாலு பேர் சேர்ந்து இருந்த வாடகை வீடு. பின்பக்க முற்றத்தில் டேங்கைக் கழற்றிவிட்டேன், மழை பிடித்துக்கொண்டது. டேங்க் நனையக் கூடாதே என்று தூக்கிக்கொண்டுபோய் சமையலறைத் தரையில் வைத்தேன். அதே அறையில் கேஸ் பாய்லர். பழைய மாடல், உள்ளே எப்போதும் சின்னச் சுடர் எரிந்துகொண்டே இருக்கும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தரையாக ஊர்ந்து போகும். கூட இருந்த நண்பன் இறங்கி வந்து மோந்து பார்த்து, ஒரு வார்த்தை பேசாமல் டேங்கைத் தூக்கி மழையில் வைத்தான். கதவு ஜன்னலெல்லாம் திறந்துவிட்டு நடுங்கிக்கொண்டே வெளியே நின்றோம். அதன் பிறகுதான் திட்டினான். இன்று வரைக்கும் திட்டுகிறான்.

ஆகவே டேங்க் வீட்டுக்குள் வரவே கூடாது. மழை இல்லாத நாளாகப் பாருங்கள், இந்த ஊரில் அது சுலபமில்லை என்று தெரியும். அந்த வேலைக்கு முந்தைய வாரமே பெட்ரோல் போடுவதை நிறுத்துங்கள். உங்கள் டேங்க் 19 லிட்டர். நிறைந்திருந்தால் பெட்ரோல் மட்டும் 14 கிலோ, அது உள்ளே தளும்பும்போது ஒருவர் தூக்குவது கஷ்டம். மூன்று நான்கு லிட்டர் இருக்கும்போது செய்தால் பூ மாதிரி தூக்கலாம். வடித்துத்தான் ஆக வேண்டும் என்றால் அதற்கென்று விற்கும் கேனில்தான் பிடிக்க வேண்டும். பிளாஸ்டிக் கேன் என்றால் அதிகபட்சம் 10 லிட்டர், இரும்பு என்றால் 20 லிட்டர், மொத்தமாக வீட்டில் 30 லிட்டருக்கு மேல் அதிகாரிகளுக்குத் தெரிவிக்காமல் வைக்கக் கூடாது என்பது இங்கே விதி. ஊரில் செய்வதுபோல தண்ணீர் பாட்டிலில் பிடிக்காதீர்கள். மீந்ததைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள்.

கழற்றும் முறைக்கு வருகிறேன். எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். பிளக் ஏறி உட்காரும் சிலிண்டர் ஹெட் அலுமினியம், சூட்டில் பிளக்கைத் திருகினால் மரை போய்விடும். சாவியை எடுங்கள், சீட்டைக் கழற்றுங்கள். டேங்கின் பின்பக்கம் போல்ட்டில் பிடித்திருக்கும், முன்பக்கம் ரப்பரில் செருகி உட்கார்ந்திருக்கும். போல்ட்டை எடுத்ததும் தூக்கிவிடாதீர்கள். அடியில் குழாய்கள் இருக்கின்றன.

பெட்ரோல் டேப்பில் ஆன், ரிசர்வ், பிஆர்ஐ என்று மூன்று நிலை. நம் ஊர் வண்டிபோல ஆஃப் இல்லையே என்று பயப்பட வேண்டாம். இது வேக்குவம் டேப். எஞ்சின் ஓடி உறிஞ்சினால்தான் ஆன் நிலையில் பெட்ரோல் இறங்கும். அணைத்திருக்கும்போது தானாக மூடிக்கொள்ளும். பிஆர்ஐயில் மட்டும் எஞ்சின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கொட்டிக்கொண்டே இருக்கும். ஆகவே டேப் ஆனில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பின்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி மரக்கட்டை ஒன்றை முட்டுக் கொடுத்து, தடித்த பெட்ரோல் குழாயையும் மெல்லிய வேக்குவம் குழாயையும் உருவுங்கள். கீழே பனியன் வேஸ்ட் வைத்துக்கொள்ளுங்கள், நாலு சொட்டு விழும். நிற்காமல் சொட்டினால் டேப்பின் உள்ளே இருக்கும் டயாஃப்ரம் என்ற ரப்பர் சவ்வு போய்விட்டது, அதையும் மாற்ற வேண்டியதுதான். பிறகு டேங்கைப் பின்பக்கம் இழுத்தால் கையோடு வரும். பழைய போர்வை மேல் வையுங்கள். பெயின்ட்டில் கீறல் விழுந்தால் ஒவ்வொரு சிக்னலிலும் கண்ணில் படும்.

டேங்க் வெளியே இருக்கும்போதே ரப்பர் குழாய்களை மடித்துப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் மாற்றிவிடுங்கள், மீட்டருக்குச் சில பவுண்டுதான். 2021 செப்டம்பரிலிருந்து இங்கே சாதாரண பெட்ரோல் ஈ10, அதாவது பத்து சதவீதம் வரை எத்தனால். பழைய கார்புரேட்டர் வண்டிகளின் ரப்பருக்கு எத்தனால் ஆகாது, தண்ணீரையும் இழுக்கும். கொஞ்சம் விலை கூடினாலும் சூப்பர் போடுங்கள், அது ஈ5. எம்ஓடி என்ற வருடாந்திர வண்டிச் சோதனையில் பிளக்கை யாரும் பார்க்கப் போவதில்லை, ஆனால் பெட்ரோல் கசிந்தால் ஃபெயில்.

அப்போது என் பக்கத்து வீட்டில் ஒரு தாத்தா இருந்தார். கவென்ட்ரி பக்கத்து மெரிடெனில் ட்ரையம்ஃப் பைக் ஃபேக்டரி 1983இல் மூடும்வரை அங்கே வேலை பார்த்தவர். நான் மெட்ராஸ் பக்கத்துக்காரன் என்று தெரிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, “அங்கே இன்னும் என்ஃபீல்டு செய்கிறார்களா?” புல்லட்டின் பூர்வீகமான ரெடிச் இங்கிருந்து ஒரு மணி நேரத் தூரம்தான். வேலிக்கு மேலே தலையை நீட்டி என் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், பொறுக்க முடியாமல் உள்ளே வந்துவிட்டார். அவர் சொல்லித்தந்த இரண்டு விஷயங்களை நான் மறக்கவில்லை.

ஒன்று, பிளக்கைத் தொடும் முன் பிளக் குழியை ஊதிச் சுத்தம் செய்வது. இங்கே குளிரில் ரோட்டில் உப்பு போடுவார்கள். அந்த உப்பும் மண்ணும் துருவும் குழியில் தேங்கியிருக்கும். பிளக்கை எடுத்ததும் அதெல்லாம் சிலிண்டருக்குள் விழும். சைக்கிள் பம்பே போதும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு, புது பிளக்கை ஸ்பேனரால் ஏற்றவே கூடாது. ஒரு ஜாண் பழைய பெட்ரோல் குழாயைப் பிளக்கின் தலையில் செருகி, குழாயை விரலால் உருட்டி இறக்க வேண்டும். மரை நேராகப் பிடித்தால் வெண்ணெய்போல இறங்கும். கோணலாகப் பிடித்தால் குழாய் வழுக்கிச் சுற்றும், மரை பிழைக்கும். ஸ்பேனருக்கு அந்த நாசூக்கு கிடையாது. கடைசி இறுக்கலுக்குத்தான் ஸ்பேனர். இந்த 10 எம்எம் மரை பிளக்குக்குப் பொதுவாக 10 முதல் 12 நியூட்டன் மீட்டர், உங்கள் சர்வீஸ் மேனுவலில் வேறு எண் இருந்தால் அதுவே கணக்கு. டார்க் ரெஞ்ச், அதாவது இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர், இல்லையென்றால், புது வாஷர் நசுங்குவது கையில் தெரியும், அதோடு கையை எடுத்துவிடுங்கள். மரையில் கிரீஸ் தடவச் சொல்லும் வீடியோக்கள் உண்டு. என்ஜிகே கம்பெனி தன் பிளக்குகளுக்கு அது வேண்டாம் என்கிறது, வழுக்கி அளவுக்கு மீறி இறுகிவிடும்.

பிளக் வாங்கும்போது பார்த்தால் ஒரே மாதிரி இருக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள். என்ஜிகே நம்பரில் முதல் சி என்றால் 10 எம்எம் மரை, ஆர் என்றால் ரெசிஸ்டர், நடுவில் வரும் எண் வெப்ப அளவு. எண் கூடினால் குளிர்ந்த பிளக், அதாவது சூட்டைச் சீக்கிரம் வெளியேற்றுவது. மேனுவலில் போட்டிருக்கும் நம்பரே வாங்குங்கள்.

வயர்களைப் பிடுங்கும் முன் ஒன்று முதல் நான்கு வரை டேப் ஒட்டி எழுதுங்கள். பிளக்குக்கு மின்சாரம் அனுப்பும் இக்னிஷன் காயில் இரண்டு உண்டு, ஒன்று முதல் பிளக்குக்கும் நான்காவதுக்கும், இன்னொன்று இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும். மாறினால் வண்டி குரைக்கும், ஓடாது. எடுத்த பழைய பிளக்குகளையும் அதே வரிசையில் வைத்துப் பாருங்கள். நுனி வெளிர் பழுப்பு என்றால் நலம். நான்கும் உலர்ந்த கரியாக இருந்தால் நான் சொன்ன சோக் பழக்கம்தான். ஒன்று மட்டும் எண்ணெயாக ஈரமாக இருந்தால் அந்த சிலிண்டருக்கு வேறு வைத்தியம் வேண்டும், அதைப் படம் எடுத்து அனுப்புங்கள்.

திரும்ப மாட்டும்போது நான் விட்டது வேக்குவம் குழாய். தாத்தா டீ குடிக்கப் போன நேரம், மாட்டாமலேயே டேங்கை இறக்கிவிட்டேன். வண்டி ஸ்டார்ட் ஆனது, ஒரே சந்தோஷம். கார்புரேட்டரில் மிச்சமிருந்த பெட்ரோல் ஒன்றரை மைல் வந்தது. பிறகு ரிங் ரோட்டின் நடுவில் அணைந்துபோனது. அந்த ரிங் ரோட்டை உங்களுக்குத் தெரியுமே, ஓரம் கட்ட இடமும் கிடையாது. தள்ளிக்கொண்டு வந்தேன். இன்னொரு வருடம் பிஆர்ஐயில் விட்டு மறந்து, பெட்ரோல் எஞ்சின் ஆயிலில் கலந்து, ஆயிலையே மாற்ற வேண்டியதாயிற்று. ஆகவே மாட்டியதும் டேப் ஆனில் இருக்கட்டும், பத்து நிமிடம் ஓடவிட்டு, டார்ச் அடித்து அடியில் கசிவு பாருங்கள்.

கேட்காத கேள்விக்கும் ஒரு பதில். இந்த வண்டியில் லண்டனுக்குக் கிளம்பிவிடாதீர்கள். 2007க்கு முந்தைய பைக்குகள் பெரும்பாலும் யூலெஸ் என்ற அங்குள்ள புகைக் கட்டுப்பாட்டு விதிக்குத் தேறாது, ஒரு நாளைக்கு 12.50 பவுண்டு கட்ட வேண்டும்.

பிளக்குக்கு 16 எம்எம் மெல்லிய பாக்ஸ் ஸ்பேனர் வேண்டும். வண்டியோடு வந்த டூல் பையில் இல்லையென்றால் வாங்காதீர்கள், என்னிடம் இரண்டு இருக்கிறது. நான் இப்போது லெஸ்டரில் இருக்கிறேன், சனிக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போங்கள். அந்த ஒரு ஜாண் குழாயையும் தருகிறேன். வரும்போது பெட்ரோல் போடாதீர்கள்.