மூன்று அட்மின், மூன்று நியாயம்: தெரு வாட்ஸ்அப் குழுவை எப்படிச் சரிசெய்வது?

கேள்வி இதுதான்: சேலம் அழகாபுரத்தில் ஒரு குடியிருப்போர் சங்க வாட்ஸ்அப் குழு. சுமார் 400 பேர், 3 அட்மின்கள். ஒருவர் நீக்குகிற மாதிரிப் பதிவை இன்னொருவர் விட்டுவிடுகிறார். "ஆளுக்கொரு நியாயமா?" என்று தினமும் சண்டை. விதிகளை இன்னும் விரிவாக எழுதினால் சரியாகுமா?

ஆகாது. "அநாகரிகமான பதிவு கூடாது" என்ற ஒரே வரியை மூன்று பேரும் மூன்று விதமாகத்தான் படிப்பார்கள். வரிகளைக் கூட்டினால் படிப்பதில் உள்ள வித்தியாசமும் கூடும். உங்கள் மூவருக்கும் எங்கே ஒத்துப்போகவில்லை என்பதை முதலில் கண்டுபிடியுங்கள்.

குழுவில் சர்ச்சையான பழைய பதிவுகளில் 20-ஐ ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பெயர், எண், படம் மூன்றையும் மறைத்துவிடுங்கள். மறைப்பது மிக முக்கியம். சங்கத் தலைவரின் மைத்துனர் போட்ட மனை விளம்பரம் நிற்பதும், புதிதாகக் குடிவந்தவர் போட்ட அதே விளம்பரம் போவதும் பெயரைப் பார்ப்பதால்தான். பிறகு மூவரும் தனித்தனியாக, ஒருவரை ஒருவர் கேட்காமல், ஒவ்வொன்றுக்கும் "விடலாம்", "எச்சரிக்கலாம்", "நீக்கலாம்" என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஒரு மணி நேரம் போதும். மூவரும் ஒன்றாக எழுதியதைத் தள்ளிவைத்துவிட்டு, மாறுபட்டவற்றை மட்டும் பேசி முடிவெடுங்கள். அந்த முடிவைக் காரணத்தோடு இரண்டு வரியில் ஒரு நோட்டில் எழுதிவைத்தால் அதுதான் உங்கள் உண்மையான விதிப்புத்தகம்.

விதியை எழுதும்போது, கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய அடையாளத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். "வதந்தி கூடாது" என்பதை யாரும் அளக்க முடியாது. பலமுறை ஃபார்வர்டு ஆன பதிவில் வாட்ஸ்அப்பே இரட்டை அம்புக்குறி காட்டுகிறது. அது இருந்தால் நீக்கு என்பதில் தகராறுக்கு இடமில்லை. மழைக்காலத்தில் வரும் "ஏற்காடு மலைப்பாதை மூடல், மண்சரிவு" வீடியோவை எடுத்துக்கொள்ளுங்கள். 20 கொண்டை ஊசி வளைவுள்ள அடிவாரம் பாதையா, குப்பனூர் பாதையா, எந்த வளைவு, எத்தனை மணிக்கு, பார்த்தது யார் என்ற விவரம் இருந்தால் நிற்கட்டும்; இல்லாவிட்டால் போகட்டும். விளம்பரமும் அப்படித்தான். மாம்பழம், கொலுசு, மனை எதுவானாலும் சனிக்கிழமை மட்டும், ஆளுக்கு ஒரு பதிவு. ரத்தம் தேவை என்ற பதிவுக்கு நாள் கணக்கு வேண்டாம். மருத்துவமனை, நேரம், தொடர்பு எண் இருக்க வேண்டும், ரத்தம் கிடைத்ததும் போட்டவரே எடுத்துவிட வேண்டும்.

கஷ்டமானது வசைதான். "நாலு நாளா குப்பை வண்டி வரலை, கவுன்சிலர் என்ன பண்றார்?" என்பது வேலையைப் பற்றிய கேள்வி. எவ்வளவு காரமாக இருந்தாலும் விடுங்கள். அதே கோபம் அவருடைய சாதியையோ வீட்டுப் பெண்களையோ தொட்டால், எவ்வளவு மென்மையாகச் சொல்லியிருந்தாலும் நீக்குங்கள். குரலின் சூட்டை வைத்து முடிவெடுக்கும் அட்மின்தான் பெரும்பாலும் தவறு செய்கிறார்.

நீக்குமுன் ஸ்கிரீன்ஷாட் எடுக்க மறக்காதீர்கள். போன பிறகு யாருக்கும் ஆதாரம் இருக்காது. நீக்கினால் எந்த அட்மின் நீக்கினார் என்பது குழுவில் தெரியும், அதனால் உறுப்பினருக்கு அது அந்த ஆளோடு உள்ள பகையாகவே படும். உடனே தனிச்செய்தி அனுப்புங்கள்: "வணக்கங்க. உங்க மனை விளம்பரத்தை எடுத்திருக்கோம். விளம்பரம் சனிக்கிழமை மட்டும்ங்கிறது 3-வது விதி. சனிக்கிழமை தாராளமா போடுங்க." குழுவில் வைத்துக் கண்டிக்க வேண்டாம். ஆட்சேபம் வந்தால் நீக்கியவர் ஒதுங்கிக்கொண்டு, மற்ற இருவரும் 24 மணி நேரத்துக்குள் பார்க்கட்டும். அட்மினின் சொந்தப் பதிவு சர்ச்சையானாலும் இதே முறைதான்.

வழக்குக்குப் பயந்து கண்டதையெல்லாம் நீக்க வேண்டியதில்லை. உறுப்பினர் போட்ட பதிவுக்கு, அட்மின் என்ற ஒரே காரணத்தால் ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை 2021-இல் சொன்னது. அந்த ஆண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையும் அதே வழியில் தீர்ப்பளித்தது. ஒன்றில் மட்டும் தயக்கமே வேண்டாம். பாலியல் கொடுமைக்கு ஆளானவரின், குறிப்பாகக் குழந்தையின், பெயரோ படமோ வந்தால் முதலில் பார்க்கும் அட்மின் அந்த நிமிடமே எடுத்துவிட வேண்டும், கலந்து பேசுவது அப்புறம்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதிதாக 10 பதிவுகளை வைத்து அதே பயிற்சியைச் செய்யுங்கள், ஏனென்றால் கை தானாகவே தளரும். புதிய அட்மின் வந்தால், முதலில் அந்த 20 பதிவுகளுக்கும் நோட்டைப் பார்க்காமல் விடை எழுதட்டும். அதை நோட்டோடு ஒப்பிட்டுப் பேசி முடித்த பிறகு பொறுப்பைக் கொடுங்கள்.