பீரோவில் கிடக்கும் பழைய லென்ஸ்: கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி ஒரே கதைதான். அப்பாவோ மாமாவோ வைத்துவிட்டுப் போன ஃபிலிம் கேமரா, கூடவே இரண்டு மூன்று லென்ஸ், இப்போது டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். வாங்கியாச்சு, பழைய லென்ஸ் ஆகுமா ஆகாதா. எல்லோரும் பாடியை (லென்ஸ் இல்லாத வெறும் கேமராவை) வாங்கிவிட்டு அப்புறம்தான் பீரோவைத் திறக்கிறார்கள். முதலில் லென்ஸைத் திருப்பி அதன் பின்பக்கத்தைப் பாருங்கள், அதற்கு எந்த பாடி பொருந்துமோ அதை வாங்குங்கள். இனிமேல் வாங்கப் போகிறவர்களுக்காவது இது உதவட்டும்.

அப்பாவின் நிக்கான் 50 மி.மீ., 135 மி.மீ. இரண்டும் நான் செகண்ட் ஹேண்டில் வாங்கிய டி3100-இல் கச்சிதமாக மாட்டுகிறது. ஆனால் ஷட்டர் அடிக்கவே மாட்டேன் என்கிறது. பாடி போச்சா சார்? (பெரம்பூர் வாசகர்)

பாடிக்கு ஒன்றும் ஆகவில்லை தம்பி. மேலே இருக்கும் டயலை எம்-இல் வையுங்கள், அடிக்கும். லென்ஸில் சிப் இல்லாததால் மற்ற மோடுகளில் அந்த பாடி லென்ஸே மாட்டவில்லை என்று நினைத்துக்கொள்கிறது. எம்-இலும் வெளிச்சம் அளக்கும் மீட்டர் வேலை செய்யாது, வெளிச்சத்தை நீங்களேதான் கணக்குப் போட வேண்டும். பழைய ஃபிலிம் டப்பாவில் ஒரு துண்டுச் சீட்டு இருக்குமே, அந்தக் கணக்கு இன்றைக்கும் செல்லும்: நல்ல வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100, அப்பர்ச்சர் (லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் துவாரம்) எஃப்/16, ஷட்டர் 1/100 அல்லது 1/125 வினாடி. நிழலுக்கு வந்தால் இரண்டு மூன்று ஸ்டாப் திறக்க வேண்டும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு). ஒரு படம் எடுத்துத் திரையில் பார்த்து, கூட்டவோ குறைக்கவோ செய்தால் ஒரு வாரத்தில் கை பழகிவிடும். ஃபிலிமில் இந்த வசதி நமக்கு ஏது? ரோல் கழுவி வந்தபிறகுதானே தெரியும்.

ஃபோகஸ் கையால்தான். ஆனாலும் வியூஃபைண்டரின் ஓரத்தில் ஒரு சின்னப் பச்சைப் புள்ளி எரியும், ஃபோகஸ் சரியானதும் அது நிலையாக நிற்கும். அதை நம்பலாம்.

நிக்கானில் இன்னொரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். எஃப் மவுண்ட் (லென்ஸ் பாடியில் பொருந்தும் வாய்) 1959-இலிருந்து அதேதான், அதனால் எல்லாம் எதிலும் மாட்டும் என்று பேச்சு உண்டு. பாதிதான் உண்மை. 1977-இல் ஏ.ஐ. என்று ஒரு மாற்றம் கொண்டுவந்தார்கள். அதற்கு முந்தைய லென்ஸை டி7000, டி750 மாதிரி பாடியில் மாட்டினால், மவுண்டைச் சுற்றி இருக்கும் சின்ன நாக்கு உடைய வாய்ப்பு உண்டு. எப்படிக் கண்டுபிடிப்பது? அப்பர்ச்சர் வளையத்தின் மேல் முயல்காது மாதிரி ஒரு உலோகத் துண்டு நிற்கும் பாருங்கள், அதில் இரண்டு ஓட்டைகள் இருந்து, வளையத்தில் எண்கள் பெரிதாக ஒரு வரிசை, பொடியாக ஒரு வரிசை என்று இருந்தால் அது ஏ.ஐ. காது ஓட்டையில்லாமல் கட்டியாக இருந்தால் பழசு, அழுத்தி மாட்டாதீர்கள். உங்கள் இரண்டும் சுலபமாக மாட்டிக் கழல்கிறது என்றால் கவலை வேண்டாம். ஏ.ஐ. லென்ஸ்கள் நிறைய இருப்பவர்கள் கொஞ்சம் கூடப் போட்டு டி7000 வகை பாடிக்குப் போகலாம். லென்ஸ் எத்தனை மி.மீ., அதிகபட்ச அப்பர்ச்சர் என்ன என்று மெனுவில் பதிந்துவிட்டால் அதில் மீட்டரும் வேலை செய்யும்.

கேனன் ஏ.ஈ-1 கேமராவோடு வந்த எஃப்.டி. 50 மி.மீ. எஃப்/1.4 இருக்கிறது. கேனன் லென்ஸ்தானே, கேனன் டிஜிட்டலில் போடலாமா? (பழைய வண்ணாரப்பேட்டை)

பெயர் ஒன்று என்பதால் மாட்டிவிடும் என்று நினைத்து ஏமாந்தவர்கள் நிறைய. 1987-இல் கேனன் ஈ.எஃப். மவுண்டுக்கு மாறியபோது எஃப்.டி.யை அம்போ என்று விட்டுவிட்டார்கள்.

இங்கே ஒரு கணக்கு தெரிந்துகொண்டால் மற்ற லென்ஸ்களுக்கும் உதவும். லென்ஸ் மவுண்டிலிருந்து ஃபிலிம் வரைக்கும் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு தூரம் உண்டு. எஃப்.டி.க்கு 42 மி.மீ., ஈ.எஃப். பாடிக்கு 44. அதாவது லென்ஸ் இன்னும் 2 மி.மீ. உள்ளே போனால்தான் தூரத்தில் இருப்பது ஃபோகஸ் ஆகும், ஆனால் பாடி விடாது. நடுவில் அடாப்டர் (இரண்டையும் இணைக்கும் வளையம்) வேறு வந்தால் இன்னும் விலகும். பக்கத்தில் இருக்கும் பூவை எடுக்கலாம், எதிர்வீட்டு மாடியை எடுக்க முடியாது. கண்ணாடி வைத்த அடாப்டர் இதைச் சரிக்கட்டும், ஆனால் மலிவான கண்ணாடியை நல்ல கண்ணாடிக்குப் பின்னால் வைத்துப் படம் மங்கலாகிறது என்று அழுவதில் என்ன பயன்? மினோல்டாவின் பழைய எம்.டி. லென்ஸுக்கும் (43.5) இதே தலையெழுத்து. உங்கள் 1.4 அருமையான லென்ஸ், விற்காதீர்கள். என்றைக்காவது மிரர்லெஸ் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத டிஜிட்டல் கேமரா) வாங்கினால் அதில் ஜம்மென்று உட்காரும். சோனி ஈ மவுண்டில் அந்தத் தூரம் 18 மி.மீ.தான், அடாப்டருக்கு இடம் தாராளம்.

யாஷிகா எஃப்.எக்ஸ்-3, 50 மி.மீ. லென்ஸோடு. முன்பு எங்கள் ஸ்டுடியோவில் இதுதான் ஓடியது. எந்த டிஜிட்டல் பாடி வாங்கினால் இது உபயோகப்படும்? (ராயபுரம்)

கேனன். இந்த லென்ஸுக்கு 45.5, கேனனுக்கு 44, ஒன்றரை மில்லி தடிமனில் கண்ணாடி இல்லாத வெறும் வளையம் போதும். நிக்கானுக்கு 46.5 என்பதால் அங்கே வேலைக்காகாது. ஜெனிட் கேமராவில் வரும் திருகு லென்ஸ்களுக்கும் இதே பதில்தான். அப்பர்ச்சரைத் தானாக மூடும் கம்பியை கேனன் பாடி தள்ளாது, எனவே முழுசாகத் திறந்து வைத்து ஃபோகஸ் செய்துவிட்டு, பிறகு வளையத்தை ஒவ்வொரு கிளிக்காக எண்ணி எஃப்/5.6-க்குத் திருப்பி அடியுங்கள். வியூஃபைண்டர் இருட்டாகும், பயப்பட வேண்டாம். ஃபோகஸ் சந்தேகமாக இருந்தால் லைவ் வியூவில் (பின்பக்கத் திரையில்) பத்து மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். ஏ.வி. மோடில் (அப்பர்ச்சர் நம் கையில், ஷட்டர் பாடியின் கையில்) மீட்டரும் ஓரளவு சரியாகவே சொல்லும்.

ஓடுகிற குழந்தையை இதில் பிடிக்க முடியாது. கல்யாண வேலைக்கு இதை நம்பிப் போகாதீர்கள், தாலி கட்டும் நேரத்தில் வளையம் திருப்பிக்கொண்டிருந்தால் பெண் வீட்டார் சும்மா விடுவார்களா?

பழைய சிக்மா ஆட்டோஃபோகஸ் லென்ஸ் கேனன் ஃபிலிம் பாடியில் நன்றாக ஓடியது. டிஜிட்டலில் ‘எரர் 99’ வருகிறது.

ஃபிலிம் காலத்து சிக்மாக்கள் பலவற்றில் இது வரும், புது பாடி பேசும் மொழி அந்தச் சிப்புக்குப் புரியவில்லை. அப்பர்ச்சரை முழுக்கத் திறந்த நிலையில் மட்டும் சில எடுக்கும். வேறு பெரிய வழியில்லை. கேனனின் சொந்த ஈ.எஃப். லென்ஸ் என்றால் 1987 சரக்குகூடத் தகராறில்லாமல் ஓடும்.

என் 28 மி.மீ. ஃபிலிமில் நன்றாக அகலமாகத் தெரிந்தது. இப்போது ஏன் குறுகிவிட்டது? லென்ஸ் கெட்டுவிட்டதா? (தண்டையார்பேட்டை)

லென்ஸ் அப்படியேதான் இருக்கிறது. உங்கள் பாடியின் சென்சார் ஃபிலிமைவிடச் சின்னது, லென்ஸ் போடும் படத்தின் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுக்கிறது. நிக்கானில் 1.5 மடங்கு, கேனனில் 1.6. ஆக 28 என்பது 42 அல்லது 45 மாதிரி நடந்துகொள்ளும். ராயபுரம் ரயில் நிலையம் இருக்கிறதே, 1856-இல் திறந்தது, அந்தத் தூண் வரிசை முழுவதையும் ஃபிலிமில் 28-ஐ வைத்து எடுத்த இடத்தில் நின்று இப்போது எடுத்தால் இரண்டு ஓரமும் போய்விடும். பின்னால் நகரலாம் என்றால் லாரி வருகிறது. அகலம் வேண்டுமென்றால் பாடியோடு வரும் 18-55 கிட் லென்ஸ்தான் வழி, அதைக் கேவலமாக நினைக்காதீர்கள்.

மறுபக்கம் லாபம். 50 மி.மீ. 75, 80 ஆகிவிடுவதால் முகம் எடுக்க அது அமிர்தம். 135 ஏறக்குறைய 200. காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தில் கூட்டத்துக்குள் நுழையாமலே மீன் கூடைக்காரம்மாவின் கையை எடுக்கலாம், ஒரு ஸ்டூல் மட்டும் கொண்டுபோங்கள்.

கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி வீடு. தோல் உறையில் பத்திரமாக வைத்திருந்த லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி இருக்கிறது. (திருவொற்றியூர்)

அந்த உறைதான் வில்லன் அம்மா. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பூஞ்சைக்குச் சாப்பாடும் போடும். லென்ஸை இன்றைக்கே உறையிலிருந்து எடுத்துத் தனியாக வையுங்கள்.

அப்பர்ச்சரை முழுசாகத் திறந்து, பின்னாலிருந்து டார்ச் அடித்து, நேராகப் பார்க்காமல் கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள். புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் தூசு, விட்டுவிடுங்கள், அது படத்தில் தெரியாது. வேர் மாதிரிக் கிளை விட்டிருந்தால் பூஞ்சை. கண்ணாடி முழுவதும் பால் ஊற்றியது மாதிரி இருந்தால் எண்ணெய் ஆவி படிந்தது. பூஞ்சை ஓரத்தில் கொஞ்சம்தான் என்றால் படம் கெடாது, எதிர் வெளிச்சத்தில் மட்டும் வெளுக்கும். ஆனால் அது அமிலம் கக்கும், நாள் ஆக ஆக மேல்பூச்சை அரித்துவிடும். வெயிலில் வைத்தால் செத்துப்போகும் என்பார்கள், செத்தாலும் அரித்த தடம் போகாது.

சுத்தம் செய்யக் கொடுக்கும்போது ஆள் பார்த்துக் கொடுங்கள். அவசரத்தில் ஒரு 28 மி.மீ. லென்ஸை நான் ஓர் இடத்தில் கொடுத்தேன், பளபளவென்று வந்தது, சந்தோஷமாக வீட்டுக்கு வந்து மாட்டினால் தூரத்தில் எதுவுமே ஃபோகஸ் ஆகவில்லை. உள்ளே ஒரு கண்ணாடியைத் தலைகீழாகப் போட்டிருந்தார்கள். பூச்சையும் தேய்த்து எடுத்துவிட்டிருந்தார்கள். அன்றிலிருந்து பணம் கொடுக்கும் முன் அங்கேயே பாடியில் மாட்டி, தெருக்கோடி போர்டைப் படிக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நகர்வேன்.

மீதி லென்ஸ்களை ரப்பர் வளையம் வைத்த காற்றுப்புகாத டப்பாவில், சிலிக்கா ஜெல் போட்டு மூடி வையுங்கள். டப்பாவுக்குள் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் இருந்தால் நல்லது, அளக்கும் சின்ன மீட்டர் கிடைக்கிறது. ஜெல் நிறம் மாறினால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். வறுத்து மறுபடி போடலாம், ஆனால் சமையல் வாணலியில் வேண்டாம், நீல நிற ஜெல்லில் இருக்கும் ரசாயனம் நல்லதல்ல. அப்புறம், வாரம் ஒருமுறை லென்ஸை வெளியே எடுத்து நாலு படம் எடுங்கள்.

பழைய விவிடார் ஃப்ளாஷும் இருக்கிறது. அதையும் கேனன் டிஜிட்டல் பாடியில் ஏற்றலாமா?

நில்லுங்கள். பழைய விவிடார் 283-களில் சில, பாடியின் ஹாட் ஷூவுக்கு (மேலே ஃப்ளாஷ் மாட்டும் இடம்) 200 வோல்ட்டுக்கு மேல் அனுப்பும். கேனனின் ஆரம்ப கால டிஜிட்டல் பாடிகளுக்கு 6 வோல்ட்தான் கணக்கு. நிக்கான் 250 வரை தாங்கும். ரிச்சி தெருவில் ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள், டி.சி.யில் பெரிய ரேஞ்சில் வைத்து, ஃப்ளாஷ் சார்ஜ் ஆனதும் சிவப்பு ஊசியை அடியில் நடுப்புள்ளியிலும் கறுப்பைப் பக்கத்து உலோகத்திலும் வைத்துப் பாருங்கள். ஆறுக்கு மேல் காட்டினால் பாடியில் ஏற்றாதீர்கள். ரேடியோ டிரிக்கரில் (ஃப்ளாஷைக் கம்பியில்லாமல் அடிக்கவைக்கும் கருவி) போடலாம், அதன் ரிசீவர் எத்தனை வோல்ட் தாங்கும் என்று அட்டைப்பெட்டியில் படித்துவிட்டு.