எக்கோ பார்ப்பவர் சொன்னால்தான் கிளிப்

வணக்கம் அம்மா. நீட் வேண்டாம், பி.எஸ்சி. கார்டியாக் டெக்னாலஜி போதும் என்று மகள் சொன்னதும் கலங்கிப்போய் எழுதியிருக்கிறீர்கள். "காலம் முழுக்க டாக்டர் பின்னாலேயே நிற்கணுமா?" என்ற உங்கள் கேள்வி நியாயமானதுதான். அவள் ஆசைப்படுவது, நெஞ்சைத் திறக்காமலே இதய வால்வு கசிவைச் சரிசெய்யும் சிகிச்சையில் வேலை பார்க்க. அந்த அறையில் யார் என்ன செய்கிறார்கள் என்று முதலில் பாருங்கள்.

இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இருக்கும் மைட்ரல் வால்வின் இதழ்கள் சரியாக மூடாவிட்டால் ரத்தம் பின்னோக்கிக் கசியும். தொடைச் சிரை வழியாகக் கதீட்டர் என்னும் மெல்லிய குழாயை ஏற்றி, மேலறைகளுக்கு நடுவிலுள்ள சுவரைத் துளைத்து, இரண்டு இதழ்களையும் கிளிப்பால் சேர்த்துப் பிடிக்கிறார்கள். அமெரிக்காவில் 2013-இல் அனுமதி பெற்ற மைட்ராகிளிப் இந்த வகைதான். எக்ஸ்ரேயில் கதீட்டர் தெரியும், இதழ் தெரியாது. அதனால் எக்கோ, அதாவது ஒலி அலையால் இதயத்தைப் படம்பிடிக்கும் கருவியின் ப்ரோபை (முனையை) உணவுக்குழாய்க்குள் இறக்கிப் பார்க்கிறார்கள். சுவரை எந்த இடத்தில் துளைப்பது என்பதே அந்தப் படத்தில்தான் முடிவாகும். வால்வுக்கு மேலே ஏறக்குறைய 4 செ.மீ. உயரம் கிடைக்காவிட்டால் கிளிப்பைத் திருப்ப இடமிருக்காது. இதழ் நன்றாகச் சிக்கியதா, கசிவு குறைந்ததா, ரத்தம் போகும் வழி குறுகிவிட்டதா என்று எக்கோ பார்ப்பவர் சொன்ன பிறகே கிளிப்பை விடுவிப்பார்கள். அதுவரை திறந்து மறுபடி பிடிக்கலாம், அப்புறம் முடியாது.

ஆனால் நம் நாட்டில் அந்த ப்ரோபைப் பிடிப்பவர் பெரும்பாலும் இதயநோய் மருத்துவர் அல்லது இதய மயக்கவியல் மருத்துவர். அதற்கு நீட், ஐந்தரை ஆண்டு எம்.பி.பி.எஸ்., 3 ஆண்டு எம்.டி., 3 ஆண்டு டி.எம். என்று போகவேண்டும். டெக்னாலஜி படித்தவர் மருத்துவரின் மேற்பார்வையில் நெஞ்சின்மேல் வைத்து எடுக்கும் எக்கோ, டிரெட்மில் பரிசோதனை, கேத் லேப் (கதீட்டர் சிகிச்சை நடக்கும் அறை) கருவிகள் ஆகியவற்றைக் கவனிப்பார். நல்ல வேலைதான், ஆனால் வேறு வேலை. இந்த வித்தியாசம் தெரிந்துதான் சொல்கிறாளா என்று கேளுங்கள். தெரிந்தே சொன்னால் தடுக்காதீர்கள்.

கிளிப்பை மட்டும் நம்பியும் படிப்பை எடுக்க வேண்டாம். விலை அதிகம், செய்யும் மருத்துவமனைகள் குறைவு. தவிர, தொண்டைத் தொற்றுக்குப் பின் வரும் ருமாட்டிக் காய்ச்சலால் கெட்ட வால்வுகள் இங்கே இன்னும் நிறைய. தடித்துச் சுருங்கிய அந்த இதழ்களுக்குக் கிளிப் பெரும்பாலும் ஒத்துவராது. வால்வின் வழி குறுகியிருந்தால் அதைப் பலூனால் விரிப்பதுதான் வழக்கம். அதற்கும் எக்கோ வேண்டும்.

இயற்பியல் பிடிக்குமா என்றும் கேட்டுப் பாருங்கள். கசிவை அளப்பது டாப்ளர் கணக்கு, அதாவது திரும்பிவரும் ஒலி அலையின் மாற்றத்திலிருந்து ரத்தத்தின் வேகத்தைக் கணிப்பது. கேத் லேப் என்றால் எக்ஸ்ரேயைத் தடுக்கும் கனமான ஈய அங்கியைப் போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் நிற்கவேண்டியிருக்கும், இதை எந்தக் கல்லூரி விளம்பரமும் சொல்வதில்லை!

சரி, கல்லூரிக்குப் போகும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். சொந்த மருத்துவமனையில் கேத் லேப் தினமும் ஓடுகிறதா, மாணவர் கையில் ப்ரோபைக் கொடுக்கிறார்களா, பயிற்சி ஆண்டில் எங்கே அனுப்புகிறார்கள் என்பதை அங்கே படிக்கும் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் கேளுங்கள். சேர்க்கை விதிகளுக்கு இந்த ஆண்டுக் கையேட்டையே பாருங்கள், பழையதை நம்பவேண்டாம்.