நான்கு ஸ்பீக்கர், இரண்டு ஜோடி வயர்

கேள்வி: தொண்டியில் வசிக்கிறேன். காரின் முன்கதவு ஸ்பீக்கர்களை மாற்றியபோது, பின்பக்கத்துக்கும் ஒரு ஜோடியை அதே வயர்களில் இணைத்துக் கொடுத்தார்கள். எல்லாமே 4 ஓம். ஒலியைக் கூட்டினால் சற்று நேரத்தில் ஸ்டீரியோ அணைந்துவிடுகிறது. 1000 வாட்ஸ் ஆம்ப்ளிஃபயர் வாங்கினால் சரியாகும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். கோளாறு இணைப்பில் இருக்கிறது. ஓம் என்பது மின்தடையின் அளவு. அது குறையக் குறைய ஸ்பீக்கர் அதிக மின்சாரத்தை இழுக்கும். 4 ஓம் ஸ்பீக்கர்கள் இரண்டை ஒரே வயரில் பக்கவாட்டாக இணைத்தால் ஸ்டீரியோவுக்கு அது 2 ஓம். டாஷ்போர்டு ஸ்டீரியோக்கள் பெரும்பாலும் 4 ஓமுக்குக் கீழே தாங்காது. சூடேறி, தன்னைக் காத்துக்கொள்ள அணைகிறது. இப்படியே ஓட்டினால் ஒருநாள் அணைந்தது அணைந்ததுதான்.

தனியாக வாங்கிப் பொருத்திய ஸ்டீரியோ என்றால், பின்னால் பச்சை, ஊதா வயர்கள் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். அவை பின்பக்க ஸ்பீக்கர்களுக்கு உரியவை. பின் ஜோடியைக் கதவு வயரிலிருந்து பிரித்து அவற்றில் இணைக்கச் சொல்லுங்கள். டாஷ்போர்டைக் கழற்றச் சோம்பல்பட்டுக் கதவு வயரிலேயே முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். அந்தச் சோம்பலுக்கு நீங்கள் ஆம்ப்ளிஃபயர் விலை கொடுக்க வேண்டுமாம்!

அந்த ‘1000 வாட்ஸ்’ பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். ஆர்.எம்.எஸ். என்று பொடி எழுத்தில் இருப்பதே உண்மையான திறன். பல பெட்டிகளில் அது பத்தில் ஒரு பங்குகூட வராது. எத்தனை ஓம் வரை தாங்கும் என்பது அதைவிடப் பொடியாக இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. பிஸ்கட் பாக்கெட்டில் எடையை அச்சிடாவிட்டால் அபராதம் உண்டு, இதைக் கேட்பாரில்லை.

ஒன்றை மட்டும் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். கதவு ஸ்பீக்கரோடு, கீச்சொலிக்கான சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டரும் ஒரே வயரில் இருக்கலாம். அது தவறல்ல. ட்வீட்டரின் வயரில் விரல்நுனி அளவு உருளையாக ஒரு கெபாசிட்டர் இருக்கும். அது கனத்த ஒலியைத் தடுத்துவிடுவதால் இரண்டும் ஒரே சுருதியில் மின்சாரம் இழுப்பதில்லை. மொத்தம் ஏறக்குறைய 4 ஓமாகவே நிற்கும். ‘ட்வீட்டரையும் கழற்ற வேண்டும்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஆனால் அந்த உருளை இல்லாத ட்வீட்டரைப் பொருத்தவே கூடாது, கருகிவிடும்.

4 ஓம் ஸ்பீக்கரைக் கழற்றி, ஓம் அளக்கும் மல்டிமீட்டரில் வைத்தால் 3.5 ஓம் போலக் காட்டும். அது சரிதான், பழுதென்று மாற்றிவிடப் போகிறார்கள்.

புது வயர் இழுக்கும்போது முனையைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் செம்புப் பூச்சு பூசிய அலுமினியம். உங்கள் ஊர் உப்புக் காற்றில் அரித்துவிடும். முழுச் செம்பாகவே கேளுங்கள்.