அரைப்படி நெல்லின் கணக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

கீழத்தஞ்சை விவசாயத் தொழிலாளர் இயக்கம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். கூலி உயர்வு கேட்ட தொழிலாளர் குடும்பங்கள் குடிசையோடு எரிக்கப்பட்ட வெண்மணி என்றாலே ‘அரைப்படி நெல் கூடக் கேட்டதற்காக 44 உயிர்’ என்கிறார்கள். அரைப்படிக்காக நிலவுடைமையாளர்களான மிராசுதார்கள் அவ்வளவு தூரம் போவார்களா? கணக்கு இடிக்கிறதே.

எஸ்., கும்பகோணம்

அன்புள்ள எஸ்.,

இடிக்கத்தான் செய்யும். போட்டே பார்த்துவிடுவோம். அறுவடைக் கூலி நாள் கணக்கு அல்ல. கண்டுமுதலில், அதாவது அறுத்தடித்துக் கிடைத்த நெல்லில், கலத்துக்கு இவ்வளவு என்று களத்திலேயே அளந்து போடுவது. கலம் 54 லிட்டர். அரைப்படியை அரை லிட்டர் என்று எடுத்துக்கொண்டு அதில் கூட்டினால் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. ஒரு மா நிலத்துக்குப் பத்துக் கலம் விளைச்சல் என்று வைத்துக்கொண்டால், இருபது மா கொண்ட ஒரு வேலி நிலத்துக்கு 200 கலம். கூடுதலாகப் போவது 100 லிட்டர், இரண்டு கலத்துக்கும் குறைவு. பழைய படிக்கணக்கில் சற்றுக் கூடும், அவ்வளவுதான்.

ஆக, சண்டை நெல்லுக்கு மட்டும் அல்ல. யார் அறுப்பது, கூலியை யார் முடிவு செய்வது என்பதற்கு.

விளைந்த பயிர் காத்திருக்காது. நாள் தப்பினால் மணி கொட்டும். மழை பிடித்தால் சாய்ந்து கதிரிலேயே முளைக்கும். அரிவாளைக் கீழே போட அதுதான் சமயம். நடவுக் காலத்தில் வேலைநிறுத்தம் செய்தால் முதலில் அணைவது சேரியின் அடுப்பு. ஆடி, ஆவணியில் குதிரில் ஏது நெல்? அறுவடையில் மிராசுதாருக்கு இருந்த ஒரே வழி வெளியூர் ஆட்களை இறக்குவது. அதனால்தான் தொழிலாளரின் செங்கொடிச் சங்கம் கூலியோடு சேர்த்து ‘உள்ளூர் ஆளுக்கே வேலை’ என்றும் கேட்டது. நெல் உற்பத்தியாளர் சங்கம் என்று மிராசுதார்கள் அமைத்துக்கொண்டது இதை முறிக்கத்தான். வெண்மணிக்காரர்களிடம் அவர்கள் கேட்டது செங்கொடிச் சங்கத்தை விட்டுவிட்டுத் தங்கள் பக்கம் வரும்படி.

இந்த வெளியாள் சிக்கலுக்கு வேர் 1952இல் இருக்கிறது. அதற்கு முன் சேரி ஆட்கள் பண்ணையாட்கள், பண்ணையோடு கட்டுண்டவர்கள். 1943இல் தென்பரை கிராமத்தில் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் சங்கம் தொடங்கியபோது எழுந்த முதல் கோரிக்கைகளில் சவுக்கடியும் சாணிப்பாலும் நிற்க வேண்டும் என்பதும் உண்டு. சாணிப்பால் என்பது சாணியைக் கரைத்துக் குடிக்க வைக்கும் தண்டனை. 1944 ஒப்பந்தத்தில் இரண்டும் நின்றன, ஏட்டளவிலாவது. 1952 ஆகஸ்டில் ராஜாஜி அரசு தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. பண்ணையாளைக் காரணமின்றி நீக்கக் கூடாது, இவ்வளவு கூலி தர வேண்டும் என்றது. நல்ல சட்டம்தான். ஆனால் பாதுகாப்பு ‘பண்ணையாள்’ என்ற பெயருக்கு மட்டும். மிராசுதார்கள் பண்ணையாள் வைப்பதையே விட்டு அன்றாடக் கூலிக்கு மாறினார்கள். அடிமைக்கட்டு அறுந்தது, அதோடு வருஷ வேலைக்கு இருந்த உறுதியும் போயிற்று. அன்றாடக் கூலியின் இடத்தில் வெளியாளை நிறுத்துவது சுலபம். வெண்மணி எரிந்த 1968 டிசம்பர் 25 இரவுக்கு வந்து சேர்ந்த பாதை இது.

அதன் பிறகே, 1969இல், கீழத்தஞ்சைக்கென்று நியாயக் கூலிச் சட்டம் வந்தது.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்று: பலருக்குக் குடிசை நின்ற மனைக்கட்டே மிராசுதாருடையது. வேலைநிறுத்தம் என்றால் ‘மனையைக் காலி பண்ணு’ என்பதே முதல் மிரட்டல். குடியிருப்பவருக்கே மனையைச் சொந்தமாக்கும் சட்டம் 1971இல்தான் வந்தது.