வேங்கை மர டம்ளர் வாங்கலாமா?

கேள்வி: அப்பாவுக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை. வேங்கை மர டம்ளரில் இரவு தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் குடித்தால் மூன்றே மாதத்தில் மாத்திரையை விட்டுவிடலாம் என்று இணையத்தில் 450 ரூபாய்க்கு விற்கிறார்கள். வாங்கலாமா? அசலா போலியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: மாத்திரையை விடும் எண்ணத்தில் என்றால் வேண்டாம். மற்றபடி வாங்குவதென்றால் பார்த்து வாங்குங்கள்.

மரத்துக்கு மருத்துவப் பெயர் உண்டு என்பது பொய்யில்லை. ஆயுர்வேதத்தில் அசனம், வட இந்தியாவில் விஜய்சார், தாவரவியலில் டெரோகார்பஸ் மார்சுபியம். மேற்கு, கிழக்குத் தொடர்ச்சி மலைகளிலும், மத்திய இந்தியாவிலும், இலங்கையிலும் உள்ள இலையுதிர் காடுகளில் 30 மீட்டர் வரை வளரும். சங்கப் பாடல்களில் குறிஞ்சி நிலத்துப் பெண்கள் பூப்பறிக்கும்போது ‘புலி புலி’ என்று கத்துவார்களே, அந்த மரம்தான். சர்க்கரை நோய்க்கு எடுப்பது இதன் நடுவே உள்ள வைரக்கட்டை.

1998இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட ஆய்வை விற்பவர்கள் எல்லோரும் காட்டுவார்கள். அதில் 97 பேரில் 67 பேருக்கு 12 வாரத்தில் சர்க்கரை கட்டுப்பட்டது உண்மை. ஆனால் அவர்கள் நோய் புதிதாகக் கண்டறியப்பட்டவர்கள் அல்லது அதுவரை சிகிச்சை எடுக்காதவர்கள்; பத்து வருடமாக மாத்திரை எடுப்பவர்கள் அல்ல. கொடுத்தது நாளொன்றுக்கு 2 முதல் 4 கிராம் வரை அளந்த மருந்து. டம்ளர் தண்ணீர் அல்ல. மருந்து சாப்பிடாத இன்னொரு குழுவை வைத்து ஒப்பிடவும் இல்லை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 9.8இலிருந்து 9.4க்குத்தான் இறங்கியது. 9.4 என்றால் எந்த மருத்துவரும் ‘கட்டுப்பாட்டில் இல்லை’ என்றுதான் சொல்வார்.

டம்ளரின் சிக்கலே அளவுதான். புது டம்ளர் முதல் வாரம் நிறைய சாரம் விடும். போகப் போகக் குறையும். மரத்தின் வயது, கடைந்த விதம், தண்ணீர் எத்தனை மணி நேரம் ஊறியது என்பதைப் பொறுத்து தினமும் ஓர் அளவு. கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் கூடவே இதையும் குடித்தால் சர்க்கரை திடீரென்று இறங்க வாய்ப்புண்டு. வியர்வை, நடுக்கம், படபடப்பு என்று வரும். மருத்துவரிடம் சொல்லிவிட்டு, வீட்டில் குளுக்கோமீட்டர் வைத்துக்கொண்டு குடிப்பது ஒன்று. சொல்லாமல் குடிப்பது வேறு. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுபவர்களுக்கும் கொடுக்க வேண்டாம்.

இனி அசல் பார்ப்பது. டம்ளரைக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பாருங்கள். ஒரே கட்டையில் கடைந்தது என்றால் அடியிலும் பக்கத்திலும் ரேகை தொடர்ந்து ஓடும். ஒட்டிய வட்டம் என்றால் சுற்றிலும் பசைக்கோடு தெரியும். மரத்தின் நடு மையப் புள்ளி அடிப்பாகத்தில் இருந்தால் எடுக்காதீர்கள். காயும்போது அங்கிருந்துதான் விரிசல் ஓடும். மரத்தில் வெளிறிய நிறக் கீற்று தெரிந்தால் அது வைரத்துக்கு வெளியே இருக்கும் வெள்ளைக்கட்டை. அதில் மருந்தும் இல்லை, வண்டும் துளைக்கும். உட்புறம் பளபளவென்று இருந்தால் வார்னிஷ். தண்ணீர் மரத்தைத் தொடவே தொடாது.

வீட்டுக்கு வந்தபின் ஒரு சோதனை. எட்டு மணி நேரம் ஊறிய தண்ணீரைக் கண்ணாடி டம்ளருக்கு மாற்றி, வெயிலில் பாருங்கள். வெளிச்சத்தை ஊடுருவிப் பார்த்தால் தேன் நிறம். டம்ளருக்குப் பின்னால் கறுப்புத் துணியைப் பிடித்து, வெயில் உங்கள் முதுகுப் பக்கமிருந்து விழும்படி நின்று பார்த்தால் ஓரத்தில் நீல மினுக்கு. இந்த நீலம் வேங்கைக்கு நல்ல அடையாளம். சாயம் தோய்த்த கட்டையில் நிறம் ஐந்து நிமிடத்திலேயே இறங்கிவிடும், நீலம் இருக்காது. ஆனால் ஒன்று, நீலம் தெரிந்தால் மரம் வேங்கை என்றுதான் பொருள். மருந்தளவு சரி என்று பொருள் இல்லை.

முதல் இரண்டு நாள் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். சோப்பு போடாமல் நாரால் தேய்த்து, நிழலில் கவிழ்த்துக் காயவைக்க வேண்டும். வெயிலில் வைத்தால் வெடிக்கும், கொதிநீர் ஊற்றினாலும் அப்படியே. ஈரத்தோடு மூடி வைத்தால் பூஞ்சை; புளித்த வாடை வந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். தண்ணீர் நிறம் மாறுவது நின்றதும் அது வெறும் டம்ளர்.

வேங்கையே வேண்டும் என்று சித்த அல்லது ஆயுர்வேத மருத்துவர் சொன்னால், அவர் எழுதிய அளவில் சீவலோ சூரணமோ வாங்குவதே சரி. சூரணப் பொட்டலத்தில் உரிமம் எண், தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி நான்கும் இருக்கிறதா பாருங்கள். டம்ளர் கைவினைப் பொருளாக விற்கப்படுவதால் அதில் இவை எதுவும் இருக்காது.

கேள்வி: வாங்கியே விட்டேன். ஒரு வாரமாகியும் தண்ணீர் துளி நிறம் மாறவில்லை. ‘பயன்படுத்திய பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்’ என்கிறார்கள்.

பதில்: சொன்ன பொருள் வேறு, வந்த பொருள் வேறு என்றால் அந்தச் சாக்கு செல்லாது. மேலே சொன்ன சோதனையைப் படம் பிடித்து, விளம்பரப் பக்கத்தையும் சேமித்துக்கொள்ளுங்கள். பக்கம் நாளைக்கே மாறலாம். இணைய வணிகத் தளங்களுக்குக் குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டு விதி. புகார் பெற்றதை 48 மணி நேரத்தில் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். நடக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், அதன்பின் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது.

‘சர்க்கரை நோய் குணமாகும்’ என்று விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டின் மாய மருந்துகள் சட்டப்படி குற்றம்; குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யத் தடையுள்ள நோய்களின் பட்டியலில் சர்க்கரை நோய் இருக்கிறது. புகாரில் இதையும் ஒரு வரி சேர்த்தால் கடைக்காரர் குரல் இறங்கும்.

கேள்வி: குழந்தைக்குப் பொட்டு வைக்க வேங்கைப் பால் என்று கொட்டாங்குச்சியில் விற்கிறார்கள். நல்லதா?

பதில்: பட்டையைக் கீறினால் ரத்தம் போல வடியும் பால்தான் காய்ந்து இப்படி ஆகிறது. அசல் என்றால் கறுத்து, கண்ணாடி போல மினுங்கி, நகத்தால் நெம்பினால் சில்லுச் சில்லாக உடையும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு உரைத்து வெள்ளைத் தட்டில் தடவுங்கள். ஓரத்தில் செம்பழுப்பு தெரிய வேண்டும். முழுக்கக் கன்னங்கரேலென்று, விரலில் கரி போல ஒட்டினால் அது புகைக்கரி கலந்த மை. நெற்றியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கண்ணுக்கு வேண்டாம்.

கேள்வி: அரை ஏக்கரில் வேங்கை நட நினைக்கிறேன். நாற்றுக்காரர் பதினைந்து ஆண்டில் வெட்டலாம் என்கிறார்.

பதில்: வெட்டலாம், கிடைப்பது பெரும்பாலும் வெள்ளைக்கட்டையாக இருக்கும். வைரம் பாய நாற்பது, ஐம்பது ஆண்டு பொறுக்க வேண்டிய மரம் இது. வருமானக் கணக்குப் போட்டுக் காட்டும் நாற்றுக்காரரை விட்டு விலகுங்கள்.

நாற்றை இலையில் பாருங்கள். வேங்கையில் ஒரு காம்பில் 5 முதல் 7 சிற்றிலை, நுனி மழுங்கி நடுவில் சிறு பிளவோடு இருக்கும். மூன்றே சிற்றிலை, வட்டமாக என்றால் செம்மரம். ஏழுக்கு மேல், நுனி கூராக என்றால் சாலையோரத்தில் நிழலுக்கு வைக்கும் வேற்றுநாட்டு இனம். பையின் அடியில் வேர் சுருண்டு வெளியே வந்த நாற்று வேண்டாம். அந்தச் சுருள் நட்டபின்னும் நிமிராது. ஒன்றரை அடிக் குழி, 4 மீட்டர் இடைவெளி, மழைக்காலத் தொடக்கம். தண்ணீர் தேங்கும் களிமண் நிலம் என்றால் வேங்கையை மறந்துவிட்டு மருதம் வையுங்கள்.